தங்கை என்று சொல்லி உள்ளே போனவள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தவரோடு அந்த நாட்களில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு கொடிக்கயிறு. பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் எங்களுக்குக் கிடைத்த வீடு சந்தைக்கு நேர் மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரேயொரு பல்கனி. பல்கனியில் ஒரு கயிறுதான் கட்டலாம். பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று என் கணவர் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக்கூட முடிந்து வைத்திருந்தார். பின்னறைக்காரர் அந்த எல்லையைக் கண்டுகொள்ளவே மாட்டார். மாடிப்படி கழுவிவிட்டு வந்த காற்சட்டையைப் பிழியாமல் கொண்டுவந்து என் வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் தொங்கப்போடுவார். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார். மறுபடியும் சொன்னேன்.

"கயிறென்ன உங்கடை சீதனத்திலை வந்ததோ, தங்கச்சி?" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் குசினிக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன். எனக்கு வாய் மட்டுமல்ல, ரோசமும் கொஞ்சம் நீளம்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாற்பதைத் தொட்டவர். ஊர் வடமராட்சிப் பக்கம். லிபெர்த்தா வீதியில் வசதியானவர்கள் குடியிருக்கும் கட்டடங்களில் மாடிப்படி கழுவும் வேலை. மனைவியும் மகளும் ஊரில். மகள் தவழத் தொடங்கு முன்பே புறப்பட்டு வந்தவர். குளிக்கும்போது பாடுவார், நன்றாக இருக்காது. மீன் பொரித்தால் சட்டியை ஊறப்போட்டுவிட்டு மறந்துவிடுவார். ஒரு மனிதனின் உயிரைப் பற்றி முடிவு சொல்ல இந்த அறிமுகம் எந்த மூலைக்கும் காணாது.

அன்று காலை என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். அவர் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். நான் வேலை செய்யும் இத்தாலிய அம்மாவின், எங்கள் சிஞ்ஞோராவின், வீட்டுக்குப் புறப்படு முன் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னறைக்காரர் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி குசினிக்குள் வந்தார். வழக்கம்போல் நான் வெளியே போகத் திரும்பினேன்.

"தங்கச்சி, லைற்றை ஒருக்கா நூத்துவிடுங்கோ" என்றார்.

லைற் எரியவில்லை. ஜன்னல் வழியாக வெயில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வாயின் ஒரு ஓரம் கீழே இழுபட்டது. என் கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. கீழ்வீட்டில் மீன் விற்கிறவரின் மனைவிதான் என் அலறலைக் கேட்டு ஓடிவந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் வீட்டுச் செருப்போடு அதில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கொண்டுபோன கதவு எனக்கு முன்னால் மூடியது. கதவில் நின்ற ஆள், நீ அவருக்கு யார், சொந்தக்காரர் மட்டும்தான் இங்கே நிற்கலாம் என்றான். நான் யோசிக்கவே இல்லை. "சொரெல்லா" என்றேன். தங்கை.

இதைப் பொய் என்று சொன்னால் அந்தக் காலத்துப் பலெர்மோவில் எங்களில் ஒருவரும் ஒத்துக்கொண்டிருக்கமாட்டோம். அது ஒரு நடைமுறை. வீடு பார்க்கப் போனால் கூட வருபவர் அண்ணன். வேலை கேட்கப் போனால் கூட வருபவர் அக்கா. குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸோவுக்காக, அதாவது வதிவிட அனுமதிக்காக, வரிசையில் நிற்கும்போது இடம் பிடித்துத் தருபவர் தம்பி. பக்கத்தில் நிற்பவர் இன்னாருக்கு உடன்பிறப்பு என்று சொன்னால் கதவு திறக்கும், நண்பர் என்று சொன்னால் திறக்காது. குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்டால், எங்கள் ஊரில் தகப்பன் பெயர், புருஷன் பெயர் என்று மாறும் எனச் சொல்லிவிடுவோம். அதைக் கேட்டு அவர்களுக்குத் தலை சுற்றும், விட்டுவிடுவார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லி, நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் உடன்பிறப்பாகி இருந்தோம்.

தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். யாரையும் கேட்காமல் உடனேயே வெட்டித் திறந்து முதல் சிகிச்சையைச் செய்துவிட்டார்கள். பிறகு ஒரு பச்சை அங்கியும் காலுக்கு உறையும் தந்து என்னை உள்ளே விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. வாயில் குழாய். நெஞ்சு மிஷினின் இழுப்புக்கு ஏறி இறங்கியது. இவர் செத்துப்போனால், கடைசியாகக் கேட்டதைக்கூட நான் செய்யவில்லை என்று மனம் அடித்துக்கொண்டது. அந்த வெளிச்சத்தை எப்படி நூப்பது?

மாலையில் தாதி வந்து, உன் சகோதரர் வெளியே நிற்கிறார் என்றாள். எந்தச் சகோதரர் என்று நான் போய்ப் பார்த்தேன். என் கணவர்.

"என்னெண்டு சொன்னீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தம்பியெண்டு. வேறை என்னெண்டு சொல்லுறது?"

"நான் தங்கச்சியெண்டு சொல்லிப்போட்டன். அப்ப நீங்கள் எனக்கு ஆர்?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "உதை நான் யோசிக்கேல்லை" என்றார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்க முடியவில்லை. குவெஸ்தூராவில் நாங்கள் கணவனும் மனைவியும். ஆஸ்பத்திரியில் கூடப்பிறந்தவர்கள். இரண்டு அலுவலகமும் ஒன்றோடொன்று தொலைபேசியில் கதைத்தால் எங்கள் பெர்மெஸோ என்னவாகும்? பொய் சொன்னதற்காக நாட்டைவிட்டு அனுப்புவார்களா, சிறையில் போடுவார்களா, எனக்குத் தெரியாது. தெரியாத சட்டத்துக்குப் பயப்படுவதற்கு அளவே இல்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் என் கணவர் என் கையைப் பிடிக்க வந்தபோது நான் தட்டிவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் தள்ளித் தள்ளித்தான் நடந்தோம்.

சில நாட்கள் ஒரு மாற்றமும் இல்லாமல் போயின. பிறகு தலைக்குள் மறுபடியும் வீக்கம் கூடிவிட்டது என்று மருத்துவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நடுவயதுப் பெண், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கதைப்பவர். எனக்கு விளங்கவேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தைகளாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். மறுபடி வெட்டலாம். வெட்டினால் மேசையிலேயே போய்விடலாம். பிழைத்தாலும் எழும்பாமல், கதைக்காமல், ஒருவரையும் அறியாமல் கிடக்கலாம். கொஞ்சம் தேறவும் கூடும். வெட்டாவிட்டால் நோகாமல் வைத்திருந்து பார்த்துக்கொள்வோம், அதிக நாள் இருக்கமாட்டார்.

"நீங்கள் டொக்டர். நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

"பொறுப்பு என்னுடையதுதான். கடைசியில் நான்தான் முடிவெடுப்பேன்" என்றார் அவர். "ஆனால் இந்த மனிதர் கதைத்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ அவருடைய தங்கை. இப்போது கண்விழித்துக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதை எனக்குச் சொல். நீ என்ன விரும்புகிறாய் என்று நான் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று கேட்கிறேன்."

நான் அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ வாரமாக நான் காதில் விழுத்தாமல் விட்ட குரல். கயிறென்ன சீதனத்திலை வந்ததோ என்பதுதான் கேட்டது. அதைத்தான் மருத்துவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். வீட்டில் கதைத்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அதிகம் தாமதிக்க முடியாது என்றார்.

அன்றே ரெயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த எங்கள் ஆளிடம் ஓடினேன். அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் விற்பவர். கடையின் பின்புறம் இருந்த தொலைபேசிதான் எங்கள் பலருக்கு ஊரோடு இருந்த ஒரே தொடுப்பு. ஊரோடு என்றும் சொல்லமுடியாது. சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு அப்போது தொலைபேசி இல்லை. கொழும்புக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அங்கிருந்து யாராவது வவுனியாவுக்குச் சொல்லவேண்டும். அங்கிருந்து போகிற யாராவது கையோடு கொண்டுபோகவேண்டும். பின்னறைக்காரர் விழுந்த அன்றே கடைக்காரர் அந்தச் சங்கிலியில் செய்தியை அனுப்பியிருந்தார். மனைவி வவுனியாவுக்கு வந்து தொலைபேசி எடுப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பாதை திறந்திருக்கிறதா, பயணப் பாஸ் கிடைக்குமா, செய்தி போய்ச் சேர்ந்ததா, ஒன்றும் தெரியாது. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தப் பெண்தான். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுத்துவிட்டு நான் வெறும் பக்கத்து அறைக்காரி ஆகிவிடுவேன்.

மாலையில் எங்கள் குசினியில் கூட்டம். கடைக்காரர் வந்தார். பின்னறைக்காரரின் சினேகிதர், பேக்கரியில் வேலை செய்பவர், அவரும் வந்தார். என் கணவர் இருந்தார். நான் தேத்தண்ணி போட்டேன்.

"வெட்டத்தான் வேணும்" என்றார் பேக்கரிக்காரர். "போன கிழமைதான் என்னோடை கதைச்சவர். மகளை இஞ்சை கூப்பிட்டு, கடற்கரையிலை கூட்டிக்கொண்டு நடக்கிறதுதான் தன்ரை ஆசையெண்டு சொன்னவர். அந்த மனுசன் சாகச் சம்மதிப்பாரோ?"

"எனக்கு வேறை மாதிரிச் சொன்னவர்" என்றார் கடைக்காரர். "அவர் கழுவுற கட்டடத்திலை ஒரு கிழவன் குழாயோடை வருசக்கணக்கா கிடக்கிறானாம். அதைப் பாத்துப்போட்டு வந்து, எனக்கு உப்பிடி வந்தா ஒருத்தரும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கப்படாது எண்டவர். என்ரை கடையிலை நிண்டுதான் சொன்னவர்."

என் கணவர் முதலில் பேக்கரிக்காரர் சொல்வது சரி என்றார். பிறகு கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றார். அவர் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரே மனிதர் ஒருநாள் அதைச் சொல்லியிருப்பார், இன்னொரு நாள் இதைச் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் சொல்கிறேன். களைத்து வரும் நாளில், செத்தால் நிம்மதி என்கிறேன். மறுநாள் சந்தையில் நல்ல முருங்கைக்காய் கண்டால் ஓடிப்போய் வாங்குகிறேன். எந்த நாளில் சொன்னதை எடுத்து என் தலைக்குக் கத்தி வைப்பார்கள்?

"எல்லாரும் நாளைக்கு என்னோடை வாங்கோ" என்றேன். "உதை அந்த டொக்டருக்கு முன்னாலை நிண்டு சொல்லுங்கோ."

வந்தார்கள். அங்கேதான் வினை. ஆளுக்கொரு தடவை கதவில் நின்றவனிடம் போய், வழக்கம்போல், தாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை. மருத்துவரின் அறையில் நாங்கள் நால்வரும் வரிசையாக நின்றோம். அவர் கண்ணாடியை இறக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பேக்கரிக்காரர் கறுத்து உயர்ந்த மனிதர். கடைக்காரர் வெள்ளையாய், குட்டையாய், வயிறு முன்னால் வந்தவர். என் கணவருக்கு என் தோள்தான் உயரம்.

"நான்கு பேரும் கூடப்பிறந்தவர்களா?" என்றார்.

"இன்னும் ஊரிலும் இருக்கிறார்கள்" என்று பேக்கரிக்காரர் அவசரமாகச் சொன்னார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

பிறகு பேக்கரிக்காரர் வெட்டச் சொன்னார். கடைக்காரர் வேண்டாம் என்றார். மருத்துவருக்கு முன்னாலேயே தமிழில் சத்தம் ஏறியது. உனக்கு என்ன தெரியும், நீ எத்தனை நாள் அவரோடு பழகினாய் என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். உடன்பிறந்தவர்கள் கேட்கும் கேள்வியே இல்லை அது. மருத்துவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நான்கு சொல்லை வைத்து என்னால் ஒரு மனிதருக்கு வைத்தியம் செய்ய முடியாது. உங்களில் மூத்தவர் யார்? குடும்பத்துக்காக யார் பேசப்போகிறார்? அவர் மட்டும் இருங்கள்."

எல்லோரும் கடைக்காரரைப் பார்த்தோம். தலை நரைத்தவர் அவர்தான். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "நான் நேர்ச் சகோதரம் இல்லை, பெரியப்பா மகன்" என்று இத்தாலியனில் சொல்லித் தன்னை ஒரு படி இறக்கிக்கொண்டார். பேக்கரிக்காரர், தான் எல்லோருக்கும் இளையவன், தன் சொல் எடுபடாது என்றார். முந்தின மாலை என் குசினியில் மேசை அதிரக் கதைத்தவர்கள். என் கணவர் கண்ணால் என்னைக் காட்டினார்.

"இவதான் முதல் வந்தவ. இவதான் கிட்ட நிண்டு பாக்கிறவ" என்று கடைக்காரர் தமிழில் எனக்கே சொன்னார். பிறகு மூவரும் வெளியே போனார்கள். கதவு மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தங்கை இல்லை, ஒரே கயிற்றில் துணி காயப்போடுகிறவள், அவ்வளவுதான் என்று. வாய்வரை வந்தது. சொன்னால் என்னை வெளியே விட்டுவிடுவார்கள். பிறகு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மொழியில் ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெர்மெஸோப் பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நாளை மத்தியானம் வரை தாருங்கள், அவர் மனைவி தொலைபேசி எடுப்பார் என்று மட்டும் கேட்டேன். மருத்துவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டுக் கடையில் போய் இருந்தேன். அரிசி மூட்டையின் மேல், தொலைபேசிக்கு எதிரே. கும்பிடலாம் என்று கண்ணை மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிழைக்க வை என்று கேட்டால் எப்படிப் பிழைப்பார்? எடுத்துக்கொள் என்று கேட்க நான் யார்? கண்ணைத் திறந்துவிட்டேன்.

தொலைபேசி அடித்தது. கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். வவுனியா. கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆறுதலில். மருத்துவர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். பேக்கரிக்காரர் சொன்னதையும் சொன்னேன், கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன்.

"அக்கா, கேக்குதோ? மத்தியானத்துக்குள்ளை சொல்லவேணும். நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே போய்ச் சொல்லுறன்."

"வெட்டினா எங்களை ஆரெண்டு மட்டுக்கட்டுவரோ?"

"தெரியாதாம், அக்கா."

"இப்ப ஆள் எப்பிடி இருக்கிறார்? மெலிவோ?"

"கொஞ்சம் மெலிஞ்சுதான் போனார்."

"நான் பாத்து ஆறு வருசம், தங்கச்சி. தலை நரைச்சிட்டுதோ எண்டுகூட எனக்குத் தெரியாது. ஆறு வருசத்துக்கு முந்தின மனுசனைக் கேட்டா நான் சொல்லுவன். இப்பத்தைய மனுசனை உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வீட்டிலைதானே இருக்கிறியள். நீங்களே சொல்லுங்கோ."

"ஐயோ அக்கா, நான் ஆர்? நான் சொல்லேலாது. நீங்கள் பெண்சாதி."

"நீங்கள்தான் பக்கத்திலை நிக்கிறியள். நீங்கள் என்ன சொன்னாலும் நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

கரகரப்புக் கூடியது. லைன் அறுந்துவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. கையில் ரிசீவரோடு நான் அப்படியே இருந்தேன். அந்தப் பெண் பொறுப்பை என்மேல் எறிந்துவிட்டாள் என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் போன பிறகு பயம் மட்டும் மிஞ்சியது, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக.

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போனேன். வழியெல்லாம் ஒரு யோசனை என்னை விடவில்லை. வேண்டாம் என்று சொன்னால், அது அவருடைய சொல்லா, அல்லது கொடிக்கயிற்றின் சொல்லா? என் வெள்ளைச் சட்டையில் சொட்டிய அழுக்குத் தண்ணீர் அந்தச் சொல்லுக்குள் எங்காவது இருக்குமா? இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. என்னை நானே நம்பவில்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"வெட்டுங்கள்" என்றேன் மருத்துவரிடம்.

"அவர் அப்படிச் சொல்வாரா?"

"சொல்வார்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். வெட்டுங்கள் என்று சொல்லவும் அதே உரிமைதான் வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை.

அவர் பிழைத்தார். வாரங்கள் கழித்துக் கண் திறந்தார். வலது பக்கம் அசையவில்லை, பேச்சு வரவில்லை. இடது கையில் மட்டும் கொஞ்சம் பிடி இருந்தது. ஆம் என்றால் ஒரு தடவை அழுத்தவேண்டும், இல்லை என்றால் சும்மா விடவேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் அவருக்கும் எனக்கும் காட்டித் தந்தாள். களைத்தாலும் சும்மாதான் விடுவார், விளங்காவிட்டாலும் சும்மாதான் விடுவார். எது எது என்று நாங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் இனி வைத்திருக்க இடமில்லை என்றதும், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று தங்கையைத்தான் கூப்பிட்டார்கள். பெரியப்பா மகனையும் இளைய தம்பியையும் அல்ல. குறை சொல்லக்கூடாது, கடைக்காரர் அரிசி அனுப்பினார், பேக்கரிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து முகம் வழித்துவிட்டார். மற்றதெல்லாம் நானும் என் கணவரும். சிஞ்ஞோரா வீட்டில் காலை மட்டும் வேலை என்று மாற்றிக்கொண்டேன். கழுவினோம், புரட்டினோம், ஊட்டினோம். பல்கனிக் கயிறு முழுவதும் அவருடைய விரிப்புகள். சிவப்புத் துணியை நான்தான் அவிழ்த்தேன், விரிப்பில் சாயம் பிடித்துவிடும் என்று.

ஒவ்வொரு நாளும் அவர் கையைப் பிடித்துக் கேட்பேன். தேத்தண்ணி வேணுமோ? அழுத்துவார். ரேடியோ போடட்டோ? அழுத்துவார். ஜன்னலைச் சாத்தட்டோ? சும்மா விடுவார். ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. சில நாள் அவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. விரிப்பை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். துடைத்துவிடுவேன். கேள்வியைக் கேட்டு, அவர் கையைச் சும்மா விட்டுவிட்டால் பிறகு எந்த முகத்தோடு அந்த அறைக்குள் போவது? கரண்டியோடு அவர் வாய்க்குப் பக்கத்தில் போகும்போதும் அந்தப் பயம் கூட வந்தது.

அவருடைய மனைவி மகளைக் கொழும்பில் தமக்கையிடம் விட்டுவிட்டு, விசாவுக்கு நாயாய் அலைந்து, ஒருவழியாக வந்து சேர்ந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரெயிலால் இறங்கியவர் என்னைக் கண்டதும், "தங்கச்சிதானே?" என்றார். "ஓம் அண்ணி" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

பின்னறைக்குள் வந்து கட்டிலில் இருந்தார். அழவில்லை. கணவரின் தலையைத் தடவி, நரைத்திருந்த இடத்தையெல்லாம் பார்த்தார். மகளின் படத்தைக் காட்டினார். பின்னறைக்காரர் படத்தையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. கையை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கேட்பது என்று நான் காட்டிக்கொடுத்தேன். மனைவி அவர் இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தினார்.

"நான்தான் வந்திருக்கிறன். தெரியுதோ?"

விரல்கள் அழுத்தின. நான் நன்றாகக் கண்டேன். அந்த மெலிந்த விரல்களில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

நான் தேத்தண்ணி கொண்டுவரத் திரும்பினேன். அப்போது மனைவி அடுத்ததைக் கேட்டார். வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

"அண்டைக்கு வெட்டச்சொல்லித் தங்கச்சி சொன்னவ. அது உங்களுக்குச் சம்மதம்தானே?"

ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவர் சொன்னது என்னிடம்தான். தன் புருஷனைக் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தையில் மீன்காரர் விலை கூவுவது கேட்டது. பின்னறைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பொறுத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓமெண்டுறார், தங்கச்சி" என்றார்.

நான் அவ்வளவு நேரமும் பின்னறைக்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்கள் அசையவில்லை.

"ஓம் அண்ணி" என்றேன். விரிப்புகள் காய்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போனேன்.